கடலோர ஊரில் யுகுலேலே: எந்த நரம்பு உழைக்கிறது?

கிட்டார் போன்ற சிறிய நான்கு நரம்புக் கருவியான யுகுலேலேயில் நரம்பு அறுவது அபூர்வம். பெரும்பாலும் அது அறுபடாமலே உயிரை விட்டுவிடுகிறது. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் மெட்டுகளின் (ஃப்ரெட்) மேல் திரும்பத் திரும்ப அழுந்தியதில் அடிப்பக்கம் பள்ளம் விழுகிறது. தடிமன் இடத்துக்கு இடம் மாறுகிறது. வெறும் நரம்பைச் சுருதி சேர்த்து வைத்தாலும் பன்னிரண்டாம் மெட்டில் ஒலி விலகி நிற்கும். வாசிக்கும் குழந்தை தன் விரலைத்தான் சந்தேகிக்கும். செத்த நரம்புக்காக ஒரு குழந்தை தனக்கு இசை வராது என்று நினைத்துக்கொள்வதை என்னால் பொறுக்க முடிவதில்லை. அதனால்தான் நரம்பு விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

தூத்துக்குடியில் வீட்டிலேயே குழந்தைகளுக்கு யுகுலேலே கற்றுக்கொடுக்கிறேன். உப்புக்காற்றும் புழுக்கமும் ஆண்டு முழுவதும் இருக்கிற ஊர். எந்த நரம்பு வாங்கலாம் என்று கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வது ஃப்ளூரோகார்பன். அதிலும் எளிதாகக் கிடைப்பது மார்ட்டின் நிறுவனத்தின் எம்600. சோப்ரானோ, கன்சர்ட் என்ற இரண்டு அளவுகளுக்கும் அந்த ஒரே செட் போதும்.

ஃப்ளூரோகார்பன் என்பது நம் மீனவர்களுக்கும் தெரிந்த பொருள்தான். ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் அதைத் தூண்டில் நரம்பாகக் கொண்டுவந்தது. தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சவே உறிஞ்சாது, பாறையில் உராய்ந்தாலும் எளிதில் தேயாது என்பதால் மீன் பிடிப்பவர்கள் அதை விரும்புகிறார்கள். யுகுலேலேக்கும் வேண்டியவை அந்த இரண்டு குணங்கள்தான். நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தளர்கிறது. மழை நாளில் சுருதி இறங்குகிறது, ஏசி அறைக்குள் போனால் மறுபடி மாறுகிறது. ஃப்ளூரோகார்பன் போட்ட கருவியில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. வெப்பத்தில் கொஞ்சம் நகரும். எந்த நரம்பும் நகரும். ஆனால் வகுப்பு தொடங்கியதும் சுருதி சேர்க்கும் பிருடையைத் திருகுவதிலேயே பாதி நேரம் போவதில்லை.

அதன் அடர்த்தியும் ஒரு காரணம். நைலானின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.14 கிராம், ஃப்ளூரோகார்பனுக்கு 1.78. அதே சுருதி, அதே இழுவிசை என்றால் ஃப்ளூரோகார்பன் நரம்பு ஐந்தில் ஒரு பங்கு மெல்லியதாக இருந்தாலே போதும். மெல்லிய நரம்பு மெட்டில் துல்லியமாக உட்காரும். நைலானில் மந்தமாக ஒலிக்கிற தடித்த சி நரம்பு (சி சுருதியில் சேர்ப்பது) இதில் தெளிவாகப் பேசுகிறது. பிஞ்சு விரல்களுக்கு முதலில் சற்றுக் கூர்மையாக உறுத்தும் என்பது உண்மை. தொடர்ந்து வாசித்தால் அந்த உறுத்தல் பழகிவிடும்.

விலை நைலானைவிடக் கூடுதல்தான். செலவு கணக்குப் பார்ப்பவர்கள் ஜப்பானிய வொர்த் நரம்புகளைப் பார்க்கலாம். தெளிந்த நிறத்திலும் பழுப்பு நிறத்திலும் வருகின்றன. ஒவ்வொரு நரம்பும் நீளமாக இருப்பதால் பாதியாக வெட்டினால் சோப்ரானோவுக்கோ கன்சர்ட்டுக்கோ இரண்டு முறை மாற்றலாம். என் சொந்தக் கன்சர்ட்டில் இருப்பது பழுப்பு நிறம். ஒலி சற்றுக் கனிந்தது, இரவில் தனியாக வாசிக்க இதமானது.

எல்லாக் கருவிக்கும் ஃப்ளூரோகார்பன்தான் என்று சொல்லமாட்டேன். ஒட்டுப்பலகையில் செய்த சிறிய சோப்ரானோ சிலவற்றில் அது கீச்சென்று ஒலிக்கும். அவற்றுக்கு இத்தாலியின் அக்கீலா நிறுவனம் செய்யும் வெண்ணிற நைல்கட் பொருந்துகிறது. பழைய காலத்தில் ஹவாயில் யுகுலேலேக்குக் கட்டிய ஆட்டுக்குடல் நரம்பின் அடர்த்தியை ஒட்டி உருவாக்கிய செயற்கை நரம்பு அது. ஒலியில் உருண்டையான ஒரு நிறைவு இருக்கும். உழைப்பை மட்டும் பார்த்தால் நான் ஃப்ளூரோகார்பன் பக்கம்தான்.

கீழ் ஜி வைத்து வாசிக்க விரும்புகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். வழக்கமான யுகுலேலேயில் ஜி நரம்பு சி நரம்பைவிட உயர்ந்த ஒலி கொண்டது. அதை ஒரு ஸ்தாயி இறக்கிக் கட்டினால், பல செட்டுகளில் உலோகச் சுற்று போட்ட நரம்பு வருகிறது. செட்டில் முதலில் கெடுவது அதுதான். மெட்டு படும் இடங்களில் சுற்று தேய்ந்து பிரியும், கடற்காற்றில் கறுக்கும், விரல் நகரும்போது கிறீச்சிடும். சுற்றில்லாத தடித்த ஃப்ளூரோகார்பன் கீழ் ஜி தனியாகவே கிடைக்கிறது. அதைக் கட்டும்முன் தலைப்பக்கத்து நட்டில் (நரம்புகள் தாண்டிச் செல்லும் சிறு பட்டை) உள்ள பள்ளம் அந்தத் தடிமனை ஏற்குமா என்று பாருங்கள். ஏற்காவிட்டால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அகலப்படுத்த வேண்டும்.

நட்டைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே நரம்பு ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அறுந்தால், செட்டை மாற்றிப் பயனில்லை. அங்கே பள்ளத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். மிக நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தடவி, பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்துவிட்டால் நரம்பு வழுக்கிக்கொண்டு நகரும். மறுமுனையில், பலகைமேல் நரம்பைத் தாங்கும் குதிரையின் அருகே அறுந்தால் அங்கேயும் இதே சோதனை. எந்த விலையுயர்ந்த செட்டும் கூரிய விளிம்பை வெல்லாது.

புது நரம்பு போட்டதும் சுருதி நிற்கவில்லை என்று பலர் பதறுகிறார்கள். சில நாள் இழுபட்டுத்தான் அது நிலைக்கும். வெடுக்கென்று இழுத்து அவசரப்படுத்த வேண்டாம். அப்படி இழுத்தால் தடிமன் சீர்கெடும். வாசித்து, சுருதி சேர்த்து, மறுபடி வாசியுங்கள். எப்போது மாற்றுவது என்பதற்கு நாள்காட்டி தேவையில்லை. நகத்தை நரம்பின் அடியில் வைத்து மெட்டுகளின் மேல் ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வாங்கும்போது உறையில் அளவைப் படியுங்கள். கன்சர்ட்டைவிடப் பெரிய தெனர் வைத்திருப்பவர்கள் மார்ட்டினில் எம்620 கேட்க வேண்டும். இன்னும் பெரிய பாரிடோனுக்குச் சுருதியே டி, ஜி, பி, இ என்பதால் அதற்கென்று விற்கும் செட்தான் சரி. எந்த அளவானாலும் கிட்டாரின் எஃகுக் கம்பியைக் கட்டிவிடாதீர்கள். அந்த இழுவிசையை யுகுலேலேயின் மெல்லிய பலகை தாங்காது, குதிரையே பெயர்ந்துவிடும்.