சிக்கிய ஸ்டெம்மை எடுக்கக் கொடுத்தேன், போர்க்கையே அறுத்துவிட்டார்கள்: ரூ. 7,400 போச்சு

பழைய இரும்பு சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் இதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை, ரூ. 7,400 கொடுத்து, ஓட்டவே முடியாத வண்டியாக மாற்றி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிற நேரத்தில் பெயரைப் போட்டு வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பில்லை. சென்னையில் கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் தொங்கும் லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள்கள், மூலையில் ஒரு காபி மெஷின், அந்த ரகத்து ஷோரூம். அவ்வளவு போதும்.

வண்டி என் மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கிக் கொண்டுவந்தது. எண்பதுகளில் ஜப்பானில் செய்த ரோட் சைக்கிள், 27 இஞ்ச் சக்கரம். பிரேம், போர்க் (முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவை) எல்லாம் இரும்பு; ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம் மட்டும் அலுமினியம். இப்போது வரும் வண்டிகளில் ஸ்டெம் போர்க்கின் கழுத்தை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும். பழைய வண்டியில் ஸ்டெம்மின் தண்டு போர்க்கின் கழுத்துக் குழாய்க்குள் இறங்கும். அடியில் ஒரு ஆப்பு. மேலிருந்து போகும் நீள போல்ட்டை முறுக்கினால் அது ஆப்பை மேலே இழுத்து, தண்டைக் குழாய்ச் சுவரோடு நெருக்கிவிடும். என் வண்டியில் தண்டு 22.2 மில்லிமீட்டர். குழாயின் உள்விட்டமும் ஏறக்குறைய அதேதான், நடுவில் காற்று போகக்கூட இடமில்லை.

வீடு திருவான்மியூரில், கடற்காற்று நேராக வரும் தெரு. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் இறங்கினால் அலுமினியம் அரிபட்டு வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தப் பொடி அரிபட்ட உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். கேட்ட இடம் கிடைக்காததால் தண்டு உள்ளேயே இறுகிவிடும். முதுகுவலிக்காக ஹேண்டிலை இரண்டு விரற்கடை உயர்த்தலாம் என்று பார்த்தேன், அசையவில்லை. பிரச்சினை மொத்தமும் இதுதான். வண்டி ஓடியது, திரும்பியது, பிரேக் பிடித்தது.

தெருமுனைக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "இது நமக்குச் சரிவராது சார், பெரிய கடையில கேளுங்க" என்றார். நேர்மையான மனுஷன். அதனால்தான் ஷோரூமுக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த டூல்களிலிருந்து ஒரு 6 மில்லிமீட்டர் ஆலன் கீயை எடுத்தார். என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே, கீழே குனியக்கூட இல்லை, போல்ட்டில் மாட்டி ஒரு அழுத்து அழுத்தினார். 'டக்'கென்று சத்தம். போல்ட் சுற்றியது. "பாத்தீங்களா சார், லூஸ் ஆயிடுச்சு. இதெல்லாம் எங்களுக்கு டெய்லி வர்ற வேலை" என்று சிரித்தார். அந்த ஒரு சத்தத்தில்தான் நான் விழுந்தேன். கை தேர்ந்த ஆள் என்று மனசு முடிவு கட்டிவிட்டது. போல்ட் சுற்றுவதற்கும் ஆப்பு விடுபடுவதற்கும் தண்டு வெளியே வருவதற்கும் உள்ள தூரம் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், சம்பளம் அதற்குத்தானே.

"போர்க்குக்கு எதுவும் ஆகாதே?" என்று கேட்டேன்.

"போர்க்கைத் தொடவே மாட்டோம் சார். விட்டுட்டுப் போங்க."

ஜாப் கார்டில் 'ஸ்டெம் கழற்ற' என்று எழுதி, ரூ. 2,000 முன்பணம் யூபிஐயில் வாங்கிக்கொண்டார்கள். காபியும் கொடுத்தார்கள். நல்ல காபிதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ஆரம்பித்தது. போன் செய்தால் "ஆயில் ஊத்தி ஊறவச்சிருக்கோம் சார்". மறுபடி செய்தால் "பசங்க பாத்துட்டிருக்காங்க". அதற்கடுத்து "மெக்கானிக் லீவு". ஒரு நாள் அவர்களாகவே கூப்பிட்டு, "ரொம்ப ரஸ்ட் சார், போர்க் மாத்த வேண்டியிருக்கும்" என்றார்கள். எதுவும் செய்யாதீர்கள், நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆபீஸில் அரைநாள் லீவு போட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் போர்க் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது! என்னைக் கூப்பிட்டபோதே அறுத்து முடித்திருக்கிறார்கள்.

பில்: லேபர் 1,900, போர்க் 3,200, ஹெட்செட் (போர்க்கின் கழுத்து சுழல்வதற்கான கப், பால்ரஸ், நட் எல்லாம் சேர்ந்த செட்) 1,500, ஸ்டெம் 800. மொத்தம் ரூ. 7,400. முன்பணம் போக மீதியைக் கட்டினால்தான் வண்டி கதவைத் தாண்டும் என்று நின்றார்கள். அது என் மாமாவின் வண்டி. கட்டினேன்.

என்ன போர்க் போட்டிருந்தார்கள் தெரியுமா? பால்காரர் வண்டியில் இருக்குமே, கம்பி பிரேக் வைத்த சாதாரண சைக்கிளின் போர்க். அதில் என் வண்டியின் கேலிப்பர் பிரேக்கை (ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வுகிற பிரேக்) மாட்ட ஓட்டையே கிடையாது. ஓட்டை இல்லாததால் என்ன செய்தார்கள்? முன் பிரேக்கைக் கழற்றி, கேபிளோடு சேர்த்து, ஹேண்டிலில் ஒரு கறுப்பு ஜிப் டையால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முன் பிரேக் இல்லாத வண்டியை "ரெடி சார்" என்று கையில் கொடுக்கிறார்கள். ஹேண்டிலைத் திருப்பினால் ஒரு இடத்தில் கல் மாட்டியது மாதிரி நிற்கிறது. பிரேமின் முன்குழாயில் பெயின்ட் கருகிக் கொப்புளித்து, பேட்ஜ் ஒட்டியிருந்த இடமே தெரியவில்லை. கேஸ் டார்ச் பிடித்திருக்கிறார்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். இரும்புக் குழாய்க்குள் அலுமினியத் தண்டை வைத்து இரண்டையும் சேர்த்துச் சுட்டால் என்ன ஆகும்? இன்னும் இறுகும். பத்தாம் வகுப்புப் பாடம்.

மேனேஜரிடம் கேட்டேன். "உங்க வண்டி பழசு சார்."

பழசு என்று தெரிந்துதானே வாங்கி வைத்தீர்கள் என்றேன். "ஓனர் பெங்களூர்ல இருக்கார்."

முன் பிரேக் எங்கே என்றேன். "பின்னாடி பிரேக் நல்லா இருக்கு சார்."

கழற்றிய போர்க்கைக் கொடுங்கள் என்றதற்கு ஸ்கிராப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அது இல்லாமல் நகரமாட்டேன் என்று அந்தக் காபி மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வேறு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்ததும் ஒரு பையன் கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான்.

அதை வேளச்சேரி பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப்போனேன். அங்கிருக்கும் அண்ணன் சைக்கிள் மெக்கானிக் இல்லை, பம்ப் ஷாஃப்ட் கடைகிறவர். போர்க்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சக்கரம் மாட்டும் இரண்டு முனைகளிலும் பைப் ரெஞ்சின் பல் வரிசையாகப் பதிந்திருந்தது. போர்க்கின் ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் வளைந்திருந்தது. "காலைப் புடிச்சுத் திருகியிருக்கானுங்க தம்பி. கால்தானே வளையும், தண்டு எங்க வரும்?" என்றார். மேலே ஸ்டெம்மை அறுத்து, குழாய்க்குள் ஹாக்ஸா பிளேடை விட்டுத் தண்டை நீளவாக்கில் அறுத்திருக்கிறார்கள். அது ஒத்துக்கொள்ளப்பட்ட முறைதான், கடைசி வழியாக. ஆனால் தண்டோடு நிறுத்தாமல் கழுத்துக் குழாயின் சுவரிலும், மரை இருக்கும் இடத்திலேயே, பிளேடு ஆழமாக இறங்கியிருக்கிறது. ஹேண்டிலின் பாரம் முழுக்க வரும் இடம் அது. இனி அந்த போர்க்கில் ஏறி உட்கார முடியாது.

அப்புறம் அவர் ஒன்று செய்தார். ஒரு நீளக் கம்பியை மேலிருந்து உள்ளே விட்டு, சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. கீழே 'டங்'கென்று ஆப்பு விழுந்தது.

ஆப்பு அதுவரை உள்ளேயே இறுகியிருந்தது! அவர்கள் போல்ட்டை முழுவதும் உருவி எடுத்துவிட்டு, ஆப்பு பிடித்துக்கொண்டிருக்கிற தண்டோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். முறை என்னவென்றால், போல்ட்டை நாலைந்து சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலை மேலே எழும்பி நிற்கும்போது ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். போல்ட் இறங்கும், ஆப்பு கழன்றுவிடும். அதற்குப் பிறகும் தண்டு வரவில்லை என்றால்தான் அரிப்பு என்ற பேச்சே. அண்ணன் அறுபட்டிருந்த கோட்டில் மெல்லிய உளியைக் கொடுத்துத் தண்டை உள்பக்கமாகச் சுருட்டி உருவிவிட்டார். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அரிப்பு இருந்தது உண்மை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சூடு வேண்டியிருக்கவில்லை, பைப் ரெஞ்ச் வேண்டியிருக்கவில்லை. அண்ணன் என்னிடம் காசு வாங்கவில்லை.

இதையெல்லாம் போட்டோ எடுத்து ஷோரூமுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். "டிக்கெட் ரைஸ் பண்ணியிருக்கோம் சார், டீம் உங்களை கான்டாக்ட் பண்ணுவாங்க." எந்த டீம்? அன்றைக்கு அங்கே இருந்ததே நாலு பேர். கடைசியாக வந்த செய்தியைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது: அடுத்த சர்வீஸுக்கு 10 சதவீதம் தள்ளுபடியாம். ரூ. 7,400 வாங்கிக்கொண்டு, போர்க்கை அறுத்துவிட்டு, தள்ளுபடி!

பாரிமுனைப் பக்கம் சைக்கிள் கடைகளில் விசாரித்தேன். அவர்கள் எனக்கு 3,200 போட்ட அதே மாதிரி போர்க் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஹெட்செட் என்று 1,500 போட்டார்களே, அதில் புதுசு என்று தெரிந்தது மேல் நட் மட்டும்தான். கீழ் கப்பும் பால்ரஸ்ஸும் பழசு, கிரீஸ் சூட்டில் வெந்து தார் மாதிரி ஒட்டியிருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். அது சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

சிக்கின ஸ்டெம்மை வீட்டிலேயே எப்படி எடுப்பது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

ஆப்பைத் தட்டி விடுவித்தாகிவிட்டதா என்று கேட்காமல் அடுத்த வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். எண்ணெயை மேலேயிருந்து மட்டும் ஊற்றாமல், வண்டியைக் கவிழ்த்து போர்க்கின் அடி ஓட்டை வழியாகவும் விட்டு ஊறவையுங்கள், பொறுமையாக. பிரேக் ரப்பரிலும் டயரிலும் படாமல். யாராவது கேஸ் டார்ச்சை எடுத்தால் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். காஸ்டிக் சோடா ஊற்றினால் அலுமினியம் கரையும், இரும்பு கரையாது என்று வீடியோ போடுகிறார்கள். கரையும்தான், கூடவே ஹைட்ரஜன் வாயுவும் வரும், கண்ணில் தெறித்தால் பார்வை போகும், வீட்டில் வேண்டாம். ஜாப் கார்டில் 'கேட்காமல் எதையும் அறுக்கக் கூடாது, கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்' என்று எழுதவைத்துக் கையெழுத்து வாங்குங்கள். முழுப் பணத்தையும் கட்டச் சொல்லி வண்டியைப் பிடித்து வைத்தால், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று பில்லிலேயே எழுதிவிட்டுக் கட்டுங்கள்.

ஒரு உதவி. 1 இஞ்ச் மரைக் கழுத்து, இஞ்சுக்கு 24 மரை, கேலிப்பர் பிரேக் ஓட்டை உள்ள பழைய ரோட் போர்க் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். 27 இஞ்ச் சக்கரத்துக்கு உரியது என்றால் நல்லது. 700சி (27 இஞ்சைவிடக் கொஞ்சம் சின்ன சக்கர அளவு) என்றாலும் டயருக்கு மேலே இடைவெளி இருந்தால் சமாளித்துக்கொள்வேன். கழுத்து நீளம் மட்டும் பழையதுக்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும், அளவை உள்பெட்டியில் கேளுங்கள், சொல்கிறேன். விலை நியாயமாகப் போடுங்கள், ஏற்கெனவே ரூ. 7,400 போன ஆள்.