எல்லாவற்றிலும் கொஞ்சமா, ஒன்றில் நிறையவா?

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, மச்சான் கைப்பேசியில், பங்குகளை வைத்திருக்கும் தன் சிடிபி கணக்கைத் திறந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எட்டு நிறுவனப் பங்குகள், மொத்தம் 120,000 வெள்ளி. எல்லாமே மலிவு விலையில் பார்த்துப் பார்த்து வாங்கியவை. சந்தை போகிற போக்கைப் பார்த்தால் 24,000 வெள்ளியாவது ரொக்கமாக இருக்கட்டும் என்றார். அதில் எனக்கு மறுப்பில்லை. எதை விற்பது என்பதில்தான் இழுபறி.

"எல்லாத்துலயும் இருபது சதவீதம் வெட்டிடலாம், ஓரவஞ்சனை இல்ல பாரு."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிடிபியோடு இணைந்த அவருடைய தரகுக் கணக்கில் ஒரு விற்பனைக்குக் குறைந்தது 25 வெள்ளி கட்டணம். எட்டு முறை சராசரியாக 3,000 வெள்ளிக்கு விற்றால் 200 வெள்ளி போச்சு. அதையே 12,000 வெள்ளியாக இரண்டு முறை விற்றால், 0.28 சதவீதக் கணக்கில், 67 வெள்ளியோடு முடிந்துவிடும். இன்னொரு தலைவலி லாட், அதாவது சந்தையில் வழக்கமாக வாங்கி விற்கும் பங்குத் தொகுதி. 2015இல் ஒரு லாட்டை 100 பங்காகக் குறைத்தார்கள், பொதுவாக அதுதான் கணக்கு. 700 பங்கு வைத்திருப்பவருக்கு இருபது சதவீதம் 140. அந்த 40 பங்கை உதிரிச் சந்தையில்தான் தள்ள வேண்டும், அங்கே வாங்க ஆள் குறைவு. எல்லாவற்றையும்விட, இன்னும் மலிவாகக் கிடக்கும் நல்ல பங்கையும் இந்த வழி வெட்டிவிடுகிறது.

அப்புறம், நட்டத்தில் இருப்பதைத் தள்ளிவிடும் யோசனை. அமெரிக்கக் காணொளிகளில் இதை நிறையச் சொல்கிறார்கள், காரணம் அங்கே வரி மிச்சமாகும். இங்கே நம்மைப் போன்ற சாதாரண முதலீட்டாளருக்கு மூலதன ஆதாய வரியே கிடையாது. அதனால் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது நம் மனசுக்கு மட்டும்தான் கணக்கு. விலை இறங்கியதற்காக விற்க மாட்டேன், கடன் ஏறியதற்காக விற்பேன். அவரிடம் ஒரு ரீட் இருக்கிறது, அதாவது கட்டடங்களை வாங்கி வாடகையைப் பங்கிட்டுத் தரும் சொத்து முதலீட்டு அறநிதி. ரீட்களுக்குச் சிங்கப்பூர் நாணய வாரியம் வைத்திருக்கும் கடன் வரம்பு, சொத்தில் 50 சதவீதம். இது அதை நெருங்கிக்கொண்டிருக்கிறது. நிலைமை மோசமானால் உரிமைப் பங்கு, அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கான புதுப் பங்கு, வெளியிட்டு நம்மிடமே காசு கேட்பார்கள். ரொக்கம் சேர்க்கிற நேரத்தில் இது தேவையா?

எதையும் விற்காமல் ஈவுத்தொகையைச் சேர்த்து வைப்பது சோம்பேறிக்கு ஏற்ற வழி, எனக்கும் பிடிக்கும். ஆனால் 2020 ஜூலையில் உள்ளூர் வங்கிகள் அந்த ஆண்டு ஈவுத்தொகையை 2019இல் கொடுத்ததில் 60 சதவீதத்துக்குள் நிறுத்தும்படி நாணய வாரியம் கேட்டுக்கொண்டது. அந்தக் கட்டுப்பாடு விலக ஓராண்டு ஆனது. மழைக்கு வைத்த குடை மழையன்றே கிழிந்த கதை.

என் கை நீண்டது மச்சானின் வங்கிப் பங்கை நோக்கி. 2020 மார்ச்சில் புத்தக மதிப்பை (சொத்தில் கடனைக் கழித்தால் மிஞ்சுவது) ஒட்டிய விலைக்கு வாங்கியது, இன்று விலை வாங்கியதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். "இன்னிக்கு இந்த விலைக்கு வாங்குவீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. சிங்கப்பூரின் முன்னணிப் பங்குகளைத் தொடரும் எஸ்டிஐ குறியீட்டு நிதியும் தனியாக வைத்திருக்கிறார், அதிலேயே மூன்று வங்கிகள்தான் ஏறக்குறைய பாதி. வங்கியில் கொஞ்சம் குறைத்தாலும் வங்கி அவரை விட்டுப் போகாது.

விற்ற இரண்டாவது வேலை நாளில் பணம் வந்துவிடும். அதை அரசாங்கத்தின் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் போட்டால், திரும்பக் கேட்கும் காசு அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் கைக்கு வரும். சரிவில் வாங்கத்தான் இந்த ரொக்கம் என்றால் அது தாமதம். பாதியையாவது சாதாரணச் சேமிப்புக் கணக்கில் விடச் சொன்னேன்.

கடைசியில் வங்கியில் பாதி, ரீட் முழுவதும் என்று முடிவாயிற்று. "ரீட்டை மட்டும் வாங்கின விலை வரட்டும், அப்புறம் விக்கலாமே" என்றார், தேநீரில் படிந்த ஆடையை ஒதுக்கியபடி.