தேக்கு என்று வாங்கினேன், சாயம் வந்து சேர்ந்தது

வேலூர்ப் பக்கம் மரச் சாமான் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் எண்ணி வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் கேட்டது ஒயின் பாட்டில் வைக்க ஓர் அலமாரி. வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டு பாட்டில் கொண்டு வருவான். சுங்க வரி இல்லாமல் 2 லிட்டர்தானே விடுவார்கள். அப்படிச் சேர்ந்தது 22 பாட்டில். கார்க் காயக்கூடாது என்றால் படுக்கவைக்க வேண்டும், வெளிச்சம் படக்கூடாது. ஏசி அறையில்தான் வைக்கப் போகிறேன். காட்பாடி மே மாதத்தை மரம் தடுத்துவிடும் என்று நினைக்கும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை.

படம் போட்டே கொடுத்தேன். சாதா பாட்டில் ஏழரை சென்டிமீட்டர் அகலம், ஷாம்பெய்ன் பாட்டில் ஒன்பதை ஒட்டி வரும். அதனால் பாட்டில் நுழையும் ஒவ்வொரு கண்ணும் (பொந்தும்) 10 சென்டிமீட்டர். சட்டமெல்லாம் ஒன்றில் துளை போட்டு, இன்னொன்றின் முனையை (கழுந்து) அதில் இறக்கியது, ஆணி கூடாது. உள்ளே வார்னிஷ் வேண்டாம், மூடிய அலமாரியில் நாற்றம் தங்கிவிடும்.

பட்டறைக்காரர் (பெயர் வேண்டாம்) என்னை மரக்கடைக்கே கூட்டிப்போனார். வைரம் பாய்ந்த, அதாவது நடு மரத்துத் தேக்குப் பலகை, தேன் நிறம். இழைத்த இடத்தில் மூக்கை வைத்தால் புதுத் தோல் வாசம். 8 கன அடி, கன அடி 3,200 ரூபாய். கூலி 18,000. மொத்தம் 43,600; 6,000 மட்டும் பாக்கி வைத்தேன். அந்தப் பலகைகளில் சாக்பீஸால் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. பாலிஷ் ஏற்றுவதற்கு முன் ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். அதுவும் இல்லை. ஆடியில் கொடுத்த வேலை, “நாளைக்கு சார், நாளைக்கு சார்” என்று கார்த்திகையில் வந்தது. உள்ளேயும் பளபளவென்று பாலிஷ். கண்ணெல்லாம் 3 அங்குலம். ஷாம்பெய்ன் நுழையவே இல்லை. அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். வீட்டில் விசேஷம், சரி போகட்டும் என்று விட்டேன்.

மாசியில் கதவுப் பலகை சுருங்கி, பத்து ரூபாய் நாணயம் நுழையும் அளவு சந்து விட்டது. காயாத மரம். பங்குனியில் ஒரு நாள் பாட்டிலைத் துடைக்க எடுத்தேன். கறுப்புக் கண்ணாடியின் தோளில் மஞ்சளாக மாவு. விரலில் தேய்த்தால் பவுடர் மாதிரி வழுக்கியது. மேலே பார்த்தால், சட்டத்தில் குண்டூசி குத்தியதுபோல் வரிசையாக ஓட்டை.

போன் செய்தேன். “இன்னா சார், வெள்ளை இல்லாத தேக்கு எங்க இருக்கு?” என்றார்.

குடியாத்தத்திலிருந்து வயதான ஆசாரி ஒருவரை அழைத்து வந்தேன். உட்புற மூலையில் உளியால் ஒரு சீவு சீவினார். காகிதக் கனத்துக்குப் பழுப்புச் சாயம், அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று மரம். ஓட்டை போட்டது வண்டு, அதற்கு வேண்டியது மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதியில் இருக்கும் மாவுச்சத்துதான், வைரத்தை அது தொடாது என்றார். அப்புறம் டேப்பை எடுத்து ஒவ்வொரு பலகையாக அளந்தார். நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில். மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. ஆறடிப் பலகை, 12 அங்குல அகலம், ஓர் அங்குல கனம் என்றால் அரைக் கன அடி. எனக்கு வந்தது மொத்தம் ஐந்துகூட இல்லை. சேதாரம் கழித்தாலும் கணக்கு உதைத்தது. பின்பக்கம் பட்டிப் பசை அடைத்த இடங்களைச் சுரண்டினார். ஒவ்வொன்றிலும் ஓர் ஆணித் தலை.

பில் கேட்காதது இன்னொரு முட்டாள்தனம். கையில் இருப்பது ‘டீக் அலமாரி’ என்று எழுதிய துண்டுச் சீட்டும் ஜிபே ரசீதுகளும்தான். நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனுப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டிலெல்லாம் இப்போது கட்டிலுக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்திருக்கின்றன. பாக்கி 6,000 எப்போது வரும் என்று நேற்றுகூடப் பட்டறையிலிருந்து போன்.