மே மாதத்தில் 'மைக்ரேஷன் சஃபாரி' விற்றால் நம்பாதீர்கள்

நம் பள்ளிகளின் கோடை விடுமுறையைக் குறிவைத்து, கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் "கிரேட் மைக்ரேஷன்", அதாவது விலங்குக் கூட்டங்களின் பெரும் இடப்பெயர்ச்சி, காட்டுகிறோம் என்று சென்னையில் பேக்கேஜ் விற்கிறார்கள். அப்படி ஒன்றில் எங்கள் குடும்பம் நன்றாக ஏமாந்தது. புகார் இன்னும் முடியாததால் ஏஜென்ட் பெயரைப் போடவில்லை.

விளம்பரத்தில் வில்டபீஸ்ட் (மாடு போலத் தெரியும் பெரிய மான் இனம்) கூட்டம் மாரா ஆற்றில் பாயும் படம். அது பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரை நடப்பது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை பக்கத்து நாடான தான்சானியாவில், செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் தெற்குப் பகுதியில் கன்று போடும். மே மாதத்தில் செரெங்கெட்டியின் நடுவிலும் மேற்கிலும் மேய்ந்துகொண்டிருக்கும். மாரா எங்கே, அது எங்கே! இதைக் கேட்டதற்கு ஏஜென்ட், "ரெண்டு காடும் ஒட்டித்தானே சார் இருக்கு, அப்படியே கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார். ஒட்டித்தான் இருக்கிறது, ஆனால் விலங்குகளுக்கு மட்டும். சுற்றுலா வண்டிகள் அங்கே எல்லையைக் கடக்க முடியாது. வெளியே வந்து, சுற்றிப் போய், தான்சானியா விசாவும் எடுக்க வேண்டும்.

அடுத்தது மழை. மார்ச் நடுவிலிருந்து மே வரை அங்கே பெருமழைக் காலம், மாராவில் பல இடங்களில் கரிசல் மண். பேக்கேஜில் எழுதியிருந்தது சேற்றிலும் போகும் ஜீப் வகையான லேண்ட் க்ரூசர், நைரோபியில் வந்து நின்றது கூரை திறக்கும் வேன். காய்ந்த காலத்தில் அந்த வேன் தாராளமாகப் போதும். மழையில் அது சேற்றில் புதைந்து, இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுத்துத்தான் வெளியே வந்தது. அதற்கப்புறம் ஓட்டுநர் பெரிய பாதையை விட்டு இறங்கவே இல்லை. பாவம், அவர் என்ன செய்வார்.

"மாராவுக்குள் தங்கல்" என்று காசு வாங்கியிருந்தார்கள். எங்கள் கேம்ப் இருந்ததோ காப்பகத்தின் நுழைவாயில்களில் ஒன்றான செகெனானி கேட்டுக்கு வெளியே. வெளியே தங்குவது தப்பில்லை, பலரும் அப்படித்தான் தங்குகிறார்கள், செலவும் குறைவு. உள்ளே தங்கும் விலையை வாங்கியதுதான் அநியாயம்.

எல்லாவற்றையும் விட வயிறு எரிந்தது நுழைவுக் கட்டணத்தில். வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு மாராவில் ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். மே மாதம் போன எங்களிடம் 200 கணக்கில் வாங்கியிருக்கிறார்கள். கேட்டில் கொடுத்த ரசீதை ஓட்டுநரிடம் வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இப்போது ஏஜென்ட் அதை "சர்வீஸ் சார்ஜ்" என்கிறார்.

சிங்கம் பார்த்தோம், யானைகளும் பார்த்தோம். அவை மாராவில் எல்லா மாதமும் உண்டு. அதை அப்படியே சொல்லி மழைக்கால விலைக்கு விற்றிருந்தால் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

முன்பணம் கட்டும் முன் வண்டி வகை, எந்த கேட், தங்குமிடம் உள்ளேயா வெளியேயா, நுழைவுக் கட்டணம் தனியாக எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். கென்யாவில் வண்டி ஓட்டப்போகும் நிறுவனம் யார் என்று கேட்டு, அது கென்யா டூர் ஆபரேட்டர்கள் சங்கமான 'காட்டோ'வில் உறுப்பினரா என்றும் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால் விடாதீர்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இந்தியாவில் தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

மே மாதம்தான் லீவு என்றால் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா பக்கம் யோசிக்கலாம். அங்கே அப்போது வறண்ட காலம் தொடங்கும், புல் மெலியும், தண்ணீர் இருக்கும் இடத்துக்கு விலங்குகள் வர ஆரம்பிக்கும். தார் ரோடுகள் இருப்பதால் சாதாரண காரிலேயே சுற்றலாம். விடியற்காலை குளிரும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.