செலவு, கையிருப்பு, அளவு: ஃபண்டுகளைப் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்ததில் தெரிந்தவை

ஒரு மியூச்சுவல் ஃபண்டின் ஃபேக்ட் ஷீட்டை (மாத விவரத் தாளை) திறந்ததும் கண் போவது வருமானப் பத்திக்குத்தான். மூன்றாண்டு வருமானத்தை வைத்து வரிசைப்படுத்தி, மேலே நிற்கும் ஃபண்டை எடுப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அந்த வரிசை ஒவ்வொரு ஆண்டும் கலைந்துவிடும். பல ஆண்டுகளுக்குப் பிறகும் கைகொடுப்பவை மூன்று விவரங்கள்தான்: எவ்வளவு செலவு பிடிக்கிறார்கள், உள்ளே என்ன பங்குகள் இருக்கின்றன (கையிருப்பு), ஃபண்டின் மொத்தத் தொகை எவ்வளவு (அளவு). ஆனால் இந்த மூன்றுக்கும் எல்லா ஃபண்டிலும் ஒரே மதிப்பு கிடையாது. நிஃப்டி 50 குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் கையிருப்பை ஒப்பிடுவது வீண் வேலை. சிறு நிறுவனங்களில் போடும் ஸ்மால் கேப் ஃபண்டில் 0.2% செலவு வித்தியாசத்தைவிட அளவுதான் பெரிய விஷயம். எந்த வகைக்கு எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

செலவிலிருந்து தொடங்குவோம். எதிர்கால வருமானம் யாருக்கும் தெரியாது. செலவு இன்றைக்கே தெரியும். எக்ஸ்பென்ஸ் ரேஷியோ (செலவு விகிதம்) என்பது ஆண்டுக் கணக்கில் சொல்லப்பட்டாலும், தினமும் சிறு துண்டாக யூனிட்டின் மதிப்பான என்ஏவியிலிருந்தே கழிந்துவிடும். 10 லட்ச ரூபாய் வைத்திருப்பவருக்கு 1.8% என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 49 ரூபாய், 0.2% என்றால் ஐந்தரை ரூபாய். இதற்கு ரசீது வராது, வங்கிக் கணக்கில் பற்று விழாது. அதனால்தான் யாரும் உணர்வதில்லை. 5 லட்சத்தை 20 ஆண்டு விட்டுவைத்து, செலவுக்கு முன் ஆண்டுக்கு 12% வளர்வதாக வைத்துக்கொண்டால், 0.2% செலவில் சுமார் 46.5 லட்சம், 1% செலவில் 40.3 லட்சம், 1.8% செலவில் 34.9 லட்சம் கிடைக்கும். முதலுக்கும் கடைசிக்கும் இடையே 11.6 லட்சம். போட்ட பணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஃபண்டுக்கும் டைரக்ட், ரெகுலர் என இரண்டு பிளான்கள் உண்டு. பங்குகள் ஒன்று, மேனேஜர் ஒருவர். ரெகுலரில் மட்டும் இருக்கும் விநியோகஸ்தர் கமிஷன்தான் வித்தியாசம். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால், ஸ்டேட்மென்ட்டில் ஃபண்டின் முழுப் பெயரைப் பாருங்கள். ‘டைரக்ட்’ என்ற சொல் இல்லையென்றால் அநேகமாக ரெகுலர்தான். பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் அமைப்புகள் அனுப்பும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட்டின் அரையாண்டுப் பதிப்பில் உங்கள் முதலீட்டுக்காக விநியோகஸ்தருக்குப் போன கமிஷன் ரூபாயிலேயே இருக்கும். அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது வாடிக்கையாளரை அழைத்து எஸ்ஐபியை (தவணை முதலீட்டை) நிறுத்தவிடாமல் தடுத்த விநியோகஸ்தர் அந்தக் கமிஷனுக்குத் தகுதியானவர். படிவம் நிரப்பியதோடு காணாமல் போனவருக்கு 20 ஆண்டு கமிஷன் கொடுப்பது நியாயமில்லை.

ஒரு ஃபண்டின் செலவு இன்றைக்கு இருப்பதுபோலவே என்றைக்கும் இருக்காது. புது ஃபண்ட் வரும்போது குறைவாக வைத்து, பணம் சேர்ந்ததும் ஏற்றுவது சாதாரணம். ஏற்றுவதற்கு மூன்று வேலை நாட்களுக்கு முன் மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ வர வேண்டும். வருகிறது, ஆனால் விளம்பரங்களுக்கு நடுவே புதைந்துவிடுகிறது. ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் தேதிவாரியாகச் செலவு விகிதம் கிடைக்கும். காலாண்டுக்கு ஒருமுறை ஒரு எக்செல் வரிசையில் குறித்து வந்தால் போதும், யார் ஏற்றுகிறார்கள் என்பது கண்முன் வந்துவிடும்.

ஃபண்டு பெரிதாக இருப்பதால் செலவு குறைவதும் உண்டு. 2018-ல் அறிவித்து 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த, சந்தையைக் கண்காணிக்கும் செபியின் அடுக்கு முறை, பங்கு சார்ந்த ஃபண்டுகளுக்கு முதல் 500 கோடிக்கு 2.25% வரையும், 50,000 கோடிக்கு மேற்பட்ட பகுதிக்கு 1.05% வரையும் என உச்சவரம்பு வைத்தது. எண்கள் பிறகு திருத்தப்பட்டிருக்கலாம். தொகை ஏற ஏற விகிதம் இறங்கும் என்பதுதான் அடிப்படை. ஆகவே 800 கோடி ஃபண்டின் செலவை 60,000 கோடி ஃபண்டின் செலவோடு நேராக வைத்துப் பார்த்து ‘இவன் கொள்ளையடிக்கிறான்’ என்று சொல்வது சரியல்ல. ஒத்த அளவுள்ள ஃபண்டுகளோடு ஒப்பிட வேண்டும்.

இண்டெக்ஸ் ஃபண்டில் கதை வேறு. அங்கே செலவு விகிதத்தைக்கூட இரண்டாவதாகத்தான் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது டிராக்கிங் டிஃபரன்ஸ்: டிவிடெண்டையும் சேர்த்த நிஃப்டி 50 டிஆர்ஐ குறியீடு எவ்வளவு கொடுத்தது, ஃபண்ட் எவ்வளவு கொடுத்தது, இரண்டுக்கும் இடைவெளி என்ன. செலவு 0.1% காட்டும் ஃபண்டின் இடைவெளி 0.35% ஆகவும், செலவு 0.2% காட்டும் ஃபண்டின் இடைவெளி 0.25% ஆகவும் இருந்தால் இரண்டாவதுதான் மலிவு. ஓர், மூன்று, ஐந்து, பத்தாண்டுக் கணக்குகளை நிறுவனங்கள் மாதந்தோறும் வெளியிட வேண்டும். டிராக்கிங் எரர் என்று பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும். அது தினசரி விலகலின் ஏற்ற இறக்கத்தைச் சொல்வது. உங்கள் பாக்கெட்டிலிருந்து போனதைச் சொல்வது டிஃபரன்ஸ்தான்.

இடைவெளி ஏன் வருகிறது? வந்த பணம் ஓரிரு நாள் ரொக்கமாக நிற்பது, குறியீட்டில் பங்குகள் மாறும் மார்ச், செப்டம்பரில் எல்லா இண்டெக்ஸ் ஃபண்டும் ஒரே நேரத்தில் வாங்கி விற்பது, நிறுவனப் பிரிப்புகள். 2023 ஜூலை 20 அன்று ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது நிஃப்டி 50-ல் சில வாரங்களுக்கு 51 பங்குகள் இருந்தன. பட்டியலிடப்பட்ட பின் பங்கு தொடர்ந்து லோயர் சர்க்கியூட்டில் (ஒரு நாளைக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச இறக்கத்தில்) விழுந்ததால், குறியீட்டிலிருந்து நீக்கும் தேதியே தள்ளிப்போனது. ஒருநாள் விலகலை வைத்து ஃபண்டைக் குறை சொல்லாமல் பல ஆண்டுக் கணக்கைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். இங்கே அளவு பெரிதாக இருப்பது நல்லதே.

மேனேஜர் தேர்ந்தெடுக்கும் ஃபண்டுகளில்தான் கையிருப்புக்கு வேலை. ஃபேக்ட் ஷீட்டின் முதல் பத்துப் பங்குகள் போதாது. மாதம் முடிந்து 10 நாட்களுக்குள் முழுக் கையிருப்பையும் எக்செல்லாக வெளியிடுகிறார்கள். பங்கின் பெயர், ஐஎஸ்ஐஎன் (ஒவ்வொரு பங்குக்கும் உள்ள அடையாள எண்), துறை, எண்ணிக்கை, மதிப்பு, சதவீதம் எல்லாம் அதில் உண்டு. இரண்டு ஃபண்டுகளின் கோப்புகளை எடுத்து, பெயரை வைத்து இல்லாமல் ஐஎஸ்ஐஎன்னை வைத்துப் பொருத்துங்கள். ‘லிமிடெட்’ என்று ஒருவர் முழுதாக எழுதுவார், இன்னொருவர் சுருக்குவார். பெயரால் தேடினால் பாதி தப்பிவிடும். இரண்டு கோப்பும் ஒரே மாதத்தினதா என்றும் பாருங்கள். இடையில் ஒரு பங்கின் முகமதிப்பு பிரிக்கப்பட்டால் ஐஎஸ்ஐஎன் மாறிவிடும்.

பொதுவான ஒவ்வொரு பங்கிலும் இரண்டு சதவீதங்களில் சிறியதை எடுத்துக் கூட்டினால் ஓவர்லாப் (இரண்டிலும் ஒன்றாக இருக்கும் பகுதி) கிடைக்கும். கணக்கு புரிவதற்காக: முதல் ஃபண்டில் ஹெச்டிஎஃப்சி பேங்க் 8, ஐசிஐசிஐ பேங்க் 6, இன்ஃபோசிஸ் 3, இரண்டாவதில் 5, 7, 4. சிறியவை 5, 6, 3. இந்த மூன்றிலேயே 14% ஒன்றுதான். இப்படியே கடைசி வரை போய் மொத்தம் 60% வந்தால், இரண்டு ஃபண்ட் வைத்திருப்பதில் பரவலாக்கம் அதிகம் இல்லை. லார்ஜ் கேப் ஃபண்டுகள் 80% பணத்தைச் சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களில் போட வேண்டும் என்பது 2017 அக்டோபர் விதி. அந்த வகையில் இரண்டு ஃபண்ட் வாங்குவது ஒரே சாம்பாரை இரண்டு கிண்ணத்தில் ஊற்றுவது.

பெயர் ஒன்றாக இருந்து உள்ளடக்கம் வேறாகவும் இருக்கும். எந்த அளவு நிறுவனத்திலும் போடக்கூடிய ஃப்ளெக்ஸி கேப் வகையில் பராக் பாரிக் ஃபண்ட் ஆல்ஃபபெட், மைக்ரோசாஃப்ட் போன்ற அமெரிக்கப் பங்குகளையும் வைத்திருக்கிறது. உள்நாட்டுப் பங்குகள் மட்டும் கொண்ட இன்னொரு ஃப்ளெக்ஸி கேப்போடு அதன் ஓராண்டு வருமானத்தை ஒப்பிட்டால் டாலர் மதிப்பையும் சேர்த்து ஒப்பிடுகிறீர்கள். ரொக்கம், டிரெப்ஸ் (குறுகிய காலக் கடனாகக் கொடுத்துவைத்த பணம்) என்று கீழே இருக்கும் வரிகளையும் விடாதீர்கள். 15% ரொக்கம் வைத்திருக்கும் ஃபண்ட் சரிவில் நன்றாகத் தெரியும், ஏற்றத்தில் பின்தங்கும்.

இப்போது அளவு. ஸ்மால் கேப்பில் இதன் அழுத்தம் எப்படி என்று ஒரு பங்கை வைத்தே பார்க்கலாம். ஃபண்டில் 10,000 கோடி. மேனேஜர் ஒரு நிறுவனத்தில் 1% போட நினைக்கிறார், அதாவது 100 கோடி. அந்தப் பங்கில் தினமும் 5 கோடிக்கு வணிகம் நடக்கிறது. விலையை ஏற்றிவிடாமல் இருக்க வணிகத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வாங்கினால் நாளுக்கு 50 லட்சம். 100 கோடியை வாங்கி முடிக்க 200 வணிக நாட்கள், ஏறக்குறைய பத்து மாதம். விற்கவும் அவ்வளவு. நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு 2,000 கோடி என்றால் 5% அவர் கையில் வந்துவிடும். ஒரு ஃபண்ட் நிறுவனம் தன் எல்லாத் திட்டங்களையும் சேர்த்து ஒரு நிறுவனத்தில் 10%-க்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. விளைவு, பங்குகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், நூறையும் தாண்டும். 2023 ஜூலையில் நிப்பான் இந்தியா ஸ்மால் கேப் ஒரே தவணையில் பெரிய தொகையாகப் போடும் (லம்ப்சம்) புதிய முதலீடுகளை நிறுத்திவைத்தது. அப்படிக் கதவைச் சாத்துவதை நான் நல்ல அடையாளமாகவே எடுத்துக்கொள்வேன்.

2024 மார்ச் முதல் மிட் கேப், ஸ்மால் கேப் ஃபண்டுகள் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் வெளியிடுகின்றன: கையிருப்பில் 25%, 50% விற்க எத்தனை நாளாகும் என்ற கணக்கு. இதைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். விற்கவே கடினமான 20% பங்குகளை ஒதுக்கிவிட்டுத்தான் அந்தக் கணக்கு போடப்படுகிறது. ஆகவே உண்மை நிலை அந்த எண்ணைவிடக் கொஞ்சம் மோசம். ஒரு மாத எண்ணைவிட, அதே ஃபண்டின் எண் ஓராண்டில் எப்படி நகர்ந்தது என்பது பயனுள்ளது.

சந்தையில் பங்குபோல வாங்கி விற்கும் ஃபண்டான இடிஎஃப் வாங்குவோருக்கு அளவைவிட வணிக எண்ணிக்கைதான் முக்கியம். செலவு 0.05% என்று மகிழ்ந்து, ஐஎன்ஏவி (வணிக நேரத்தில் காட்டப்படும் உள்மதிப்பு) 260 ரூபாயாக இருக்கும்போது 261.30-க்கு வாங்கினால் 0.5% அங்கேயே போயிற்று. பத்தாண்டுச் செலவு ஒரே சொடுக்கில். கிடைத்த விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், ஐஎன்ஏவியைப் பார்த்து விலையை நீங்களே குறிக்கும் லிமிட் ஆர்டர் போடுங்கள். வெளிநாட்டுப் பங்கு இடிஎஃப்களில் இன்னும் கவனம் தேவை: இந்திய ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டில் போடக்கூடிய 700 கோடி டாலர் வரம்பு நெருங்கியதால் 2022 பிப்ரவரியில் புதிய முதலீடுகள் நின்ற பிறகு, அவற்றில் சில உள்மதிப்பைவிடக் கூடுதல் விலையில் கைமாறுவது வழக்கமாகிவிட்டது.

ஒப்பிட்டு முடித்தபின் உடனே மாற்றத் துடிக்காதீர்கள். ரெகுலரிலிருந்து டைரக்ட்டுக்குப் போவதும் விற்று வாங்குவதுதான். பங்கு ஃபண்டுகளில் 2024 ஜூலை 23 முதல் ஓராண்டுக்கு மேற்பட்ட லாபத்துக்கு, நிதியாண்டில் 1.25 லட்சம் போக, 12.5% வரி; ஓராண்டுக்குள் என்றால் 20%. எக்ஸிட் லோடு (சீக்கிரம் வெளியேறினால் பிடிக்கும் கட்டணம்) தனி. எஸ்ஐபியில் ஒவ்வொரு தவணைக்கும் ஓராண்டுக் கணக்கு தனித்தனியாக ஓடும். எனவே புதிய தவணைகளை இன்றே டைரக்ட்டுக்குத் திருப்பிவிட்டு, பழைய யூனிட்டுகளை, லாபம் 1.25 லட்ச வரம்புக்குள் நிற்கும்படி, மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என நகர்த்தினால் அடுத்தடுத்த இரு வாரங்களில் இரண்டு நிதியாண்டுகளின் விலக்கும் கிடைத்துவிடும்.