திறந்து கிடக்கும் வடிகாலைக் காட்டி 18,400 ரூபாயைச் சுருட்டினார்கள்: மாநகராட்சிப் புகாருக்கு யாரும் பணம் கட்டாதீர்கள்

மாநகராட்சியில் புகார் பதிவு செய்து, விடாமல் பின்தொடர்ந்து, வேலையையும் முடித்துத் தருவதாகச் சொல்லி இணையத்தில் இயங்கும் ஒரு தனியார் குறைதீர் சேவை, எங்கள் தெருவாசிகளிடமிருந்து 18,400 ரூபாயைப் பறித்துக்கொண்டு தொடர்பை அறுத்துவிட்டது. இது முழுப் பித்தலாட்டம் என்பது நேற்று மாலை மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில்தான் உறுதியானது. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. அந்தச் சேவையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சைபர் குற்ற உதவி எண்ணில் கொடுத்த புகார் நிலுவையில் இருக்கிறது, தவிர, பெயரை மாற்றிக்கொண்டு நாளைக்கே வேறு முகத்தோடு வந்து நிற்க இவர்களுக்கு அதிக நேரம் ஆகாது. அவர்கள் எப்படிப் பேசினார்கள், எப்படி நம்பவைத்தார்கள் என்பதை மற்றவர்கள் தெரிந்துகொண்டால் போதும்.

எங்கள் தெரு முனையில் மழைநீர் வடிகாலின் சிமென்ட் மூடி உடைந்து, ஓர் ஆள் உள்ளே இறங்கும் அளவுக்குத் திறந்து கிடக்கிறது. அதற்கு நேர் மேலே இருக்கும் தெருவிளக்கும் எரிவதில்லை. பழைய டயர் ஒன்றைப் போட்டு, அதில் ஒரு கழியை நட்டு, கழியின் நுனியில் சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருக்கிறோம். பகலில் அது எச்சரிக்கை, இரவில் அதுவே தடுக்கிவிடும் பொருள். இலவச உதவி எண்ணில் நாங்கள் புகார் கொடுக்காமல் இல்லை. கொடுத்த சில நாட்களில் ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வரும், போய்ப் பார்த்தால் பள்ளம் அப்படியே இருக்கும். நேரில் கேட்டால், வடிகால் ஒரு பிரிவு, விளக்கு இன்னொரு பிரிவு, சாலையே எங்களுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று பார்க்கவேண்டும் என்பார்கள். இப்படி அலைந்து சலித்துப்போன மனிதர்களைக் குறிவைத்துத்தான் இந்தக் கும்பல் தொழில் நடத்துகிறது.

முகநூலில் அவர்களுடைய விளம்பரத்தை எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் பார்த்து வாட்ஸப் குழுவில் பகிர்ந்தார். படிவத்தை நிரப்பிய அன்று மாலையே ஒரு பெண் அழைத்தார். எங்கள் தெருவின் பெயர், வடிகால் இருக்கும் முனை, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் சமூக ஊடகத்தில் படத்தோடு போட்டிருந்த பழைய பதிவுகளிலிருந்தே அவர் அதையெல்லாம் எடுத்திருக்கிறார் என்பது இப்போது புரிகிறது. அன்று எங்களுக்கு அது ஒரு பெரிய ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் அதுவரை எந்த அலுவலகத்திலும் எங்கள் தெருவின் பெயரை நாங்கள் சொல்லாமலே யாரும் சொன்னதில்லை. “சார், போன தடவை உங்க கம்ப்ளைன்ட்ட ஃபீல்டுக்கே வராம குளோஸ் பண்ணியிருக்காங்க. இந்தத் தடவை ஏஇ சார் கையெழுத்து இல்லாம குளோஸ் ஆகாது, அதுக்கு நாங்க பொறுப்பு” என்றார். ஏஇ என்றால் உதவிப் பொறியாளர். எங்கள் மனக்குறையை எங்களைவிடத் தெளிவாக எடுத்துச் சொன்ன அந்த ஒரு நிமிடத்தில்தான் 23 வீட்டுக்காரர்களும் அவரை நம்பினோம்.

பதிவுக் கட்டணம், கள ஆய்வுக் கட்டணம், விரைவு நடவடிக்கைக் கட்டணம் என்று பிரித்து மொத்தம் 18,400 ரூபாய் கேட்டார்கள். வீட்டுக்கு 800 ரூபாய் வீதம் வசூலித்தோம். அதில் ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவர்கள் இருக்கிறார்கள், வாடகைக்குக் குடியிருக்கும் தையல் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். யுபிஐயில் பணம் அனுப்பும்போது திரையில் வந்தது மாநகராட்சியின் பெயர் இல்லை, ஏதோ ஒரு ‘என்டர்பிரைசஸ்’. உடனே நான் கேட்டேன். குப்பை அள்ளும் பணியை ஒப்பந்தத்தில் விட்டிருப்பதைப் போல இந்த வசூலையும் தனியாருக்கு விட்டிருப்பதாக அந்தப் பெண் விளக்கினார். குப்பை அள்ளும் பணி பல நகரங்களில் அப்படித்தான் நடக்கிறது என்பதால் அந்த விளக்கத்தில் எங்கள் யாருக்கும் ஐயம் எழவில்லை. பணம் போய்ச் சேர்ந்ததும் அசோகச் சின்னம் பொறித்த ரசீது தமிழில் வந்தது; புகார் எண், தேதி, ‘இது கணினி வழி உருவாக்கப்பட்ட ரசீது, கையொப்பம் தேவையில்லை’ என்ற வரி, எல்லாம் அச்சு அசலாக இருந்தன. அரசுச் சின்னத்தைத் தனியார் இப்படிப் பயன்படுத்துவதை 2005ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது, மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு என்பதை எங்கள் தெரு வழக்கறிஞர் நேற்றுதான் சொன்னார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் தட்டிக்கழிப்பு. முதலில் பொறியாளர் பார்வையிட்டுவிட்டார் என்றார்கள். தெருவில் யாரும் எந்தப் பொறியாளரையும் பார்க்கவில்லை. பிறகு வடகிழக்குப் பருவமழைப் பணிகளுக்கு ஆட்களை அனுப்பிவிட்டார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். மழைக்கு முன்னால் மூடவேண்டிய வடிகாலுக்கு மழையையே காரணம் காட்டியபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்து ஒருநாள் ‘பணி நிறைவு’ என்ற செய்தியோடு ஒரு படம் வந்தது. புதிய சிமென்ட் மூடி, அதன்மேல் சுண்ணாம்பில் ஒரு குறி, பின்னணியில் நீல வண்ண இரும்புக் கதவும் ஒரு பூவரசமரமும். எங்கள் தெரு முனையில் நீலக் கதவும் கிடையாது, பூவரசமரமும் கிடையாது. எங்கோ ஒரு தெருவில் முடிந்த வேலையைப் படமெடுத்து, அதன் ஓரத்தில் எங்கள் தெருப் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்கள். அதைச் சுட்டிக்காட்டியதும், மறு ஆய்வுக்கு மேலும் 2,000 ரூபாய் கட்டவேண்டும் என்று பதில் வந்தது. அதுவரை ‘சார்’ என்று குழைந்த அதே பெண், “ரூல்ஸ் அதுதான், இஷ்டம் இருந்தா கட்டுங்க” என்று இணைப்பைத் துண்டித்தார். பணத்தைத் திருப்பித் தரச் சொன்னதும் எங்கள் எண்களைத் தடை செய்துவிட்டார்கள்.

இதற்கிடையில்தான் டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் அந்த இருட்டில் டயரில் மோதி, வடிகாலின் விளிம்பில் விழுந்து முன்கையை முறித்துக்கொண்டான். உள்ளே விழாதது அவனுடைய நல்ல காலம். அவனுடைய தந்தையோடு மண்டல அலுவலகத்துக்குப் போய் ரசீதைக் காட்டியபோது, அங்கிருந்த உதவிப் பொறியாளர் அதைப் பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிட்டார்: “இது எங்க நம்பரே இல்ல சார். பழைய கம்ப்ளைன்ட் குளோஸ் ஆனதுக்கு அப்புறம் உங்க தெருவுல இருந்து எதுவுமே பதிவாகல. புகார் குடுக்க நாங்க எப்போ சார் காசு கேட்டோம்?”

அந்த நிமிடம் எனக்குப் பொங்கியது 18,400 ரூபாய்க்காக மட்டுமில்லை. முறையான புகார் நடந்துகொண்டிருக்கிறது என்று நாங்கள் நம்பிக் காத்திருந்த காலம் முழுவதும், அரசாங்கத்தின் எந்தப் பதிவேட்டிலும் எங்கள் தெருவின் ஆபத்து இடம்பெறவில்லை. புகார் எதுவும் இல்லை, எங்களுக்குத் தெரியாது என்று அலுவலகம் சொன்னால் அதை மறுக்க எங்கள் கையில் ஒரு தாள்கூட இல்லை. அந்தப் பையன் வடிகாலுக்குள் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. பணம் பறிப்பவன் பணத்தோடு போகிறான்; இவர்கள் எங்கள் பாதுகாப்புக்கு இருந்த ஒரே வழியையும் சேர்த்து அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வங்கியில் கேட்டால், நீங்களே பின் எண்ணைப் போட்டு அனுப்பிய பணம், எங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்கிறார்கள். காவல் நிலையத்தில், ஆன்லைனில் போன பணத்துக்கு ஆன்லைனிலேயே புகார் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930இல் மட்டும்தான் பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்துகொண்டு ஓர் ஒப்புகை எண்ணைக் கொடுத்தார்கள். ஆனால் பணம் எங்கள் கணக்கைவிட்டுப் போய் நெடுநாளாகிவிட்டது, இனி அந்த 18,400 ரூபாய் திரும்பும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. பணம் அனுப்பிய சில மணி நேரத்துக்குள் 1930ஐ அழைத்தால், அது வேறு கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் முடக்க வாய்ப்பு உண்டு.

என்ன செய்யவேண்டும் என்பதை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சியில் குப்பை, விளக்கு, வடிகால் போன்ற குறைகளைப் புகாராகக் கொடுக்க எந்தக் கட்டணமும் கிடையாது. சென்னையில் 1913, மாநிலம் முழுவதற்கும் முதல்வரின் உதவி மையம் 1100, இரண்டும் இலவசம். அரசு இணையதள முகவரிகள் பெரும்பாலும் ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். பணம் கேட்கும் பக்கம் அப்படி முடிகிறதா என்று பாருங்கள். தொலைபேசியில் கொடுத்தாலும், எழுத்திலும் ஒரு புகாரைக் கொடுத்து, தேதியோடு முத்திரையிட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். வேலை நடக்காமலே முடித்துவிட்டார்கள் என்றால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, யார் எப்போது பார்வையிட்டு முடித்தார்கள் என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும்.

உயிருக்கு ஆபத்தான பொதுத் தொல்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடமும் மனு கொடுக்கலாம் என்கிறார் எங்கள் வழக்கறிஞர். இதற்கான சட்டவிதி முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 152ஆவது பிரிவாக இருக்கிறதாம். மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் திறந்த சாக்கடையால் அவதிப்பட்ட மக்கள் இந்தப் பிரிவில்தான் வழக்குப் போட்டார்கள். நிதி இல்லை என்று நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். நாங்களும் அந்த மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.

அசோகச் சின்னத்தோடு, ‘விரைவு நடவடிக்கைக் கட்டணம்’ என்ற வரியோடு யாரிடமாவது ரசீது இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், பேசிய தொலைபேசி எண், வந்த செய்திகள் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு இன்றைக்கே 1930ஐ அழையுங்கள்; அப்படியே, அவர்கள் பதிவு செய்ததாகச் சொன்ன புகாரை உங்கள் மண்டல அலுவலகத்துக்கு நேரில் போய் நீங்களே பதிவு செய்துவிடுங்கள்.