ரங்கூன் ஆஸ்பத்திரியும் ஒரு மணல் பையும்

காலை இழுக்கக் கட்டிய மணல் பை தரையில் கிடந்தால் கால் எப்படி இழுபடும்? ரங்கூன் ஆஸ்பத்திரி வார்டு ஒன்றில் இதைக் கேட்டுக் கேட்டே என் லீவு போய்விட்டது.

சித்தப்பா மகன் மௌல்மீன் பக்கம் மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் மோதி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. முட்டி வீங்கியிருந்ததால் அங்கே முட்டியை மட்டும் படம் எடுத்து, முறிவு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வழக்கம்போல எண்ணெய்க் கட்டு. நான் போய்ப் பார்த்தபோது கால் குட்டையாகி, பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. தொடை எலும்பின் உருண்டை இடுப்புக் குழியை விட்டுப் பின்னால் போனால் கால் அப்படித்தான் நிற்கும். அடிபட்ட இடத்துக்கு மேல் மூட்டையும் சேர்த்துப் படம் எடுப்பது எந்த ஊரிலும் அரிச்சுவடி. 6 மணி நேரத்துக்குள் மயக்கம் கொடுத்து உருண்டையைக் குழிக்குள் தள்ளியிருந்தால் பெரும்பாலும் கத்தியே வேண்டியிருக்காது.

ரங்கூன் டாக்டர் தங்கமான மனுஷன். எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் வரைந்தே காட்டினார். 3 வாரம் தாண்டினாலே வெறுமனே இழுத்து உட்காரவைப்பது கஷ்டமாம். குழிக்குள் நார் வளர்ந்து அடைத்திருக்கும், தசை சுருங்கியிருக்கும். ஒரேயடியாக இறக்கினால் காலுக்குப் போகும் பெரிய நரம்பு இழுபட்டுப் பாதம் தொங்கிவிடலாம். அதனால் முதலில் எலும்பில் கம்பி போட்டு, எடை கட்டி, உருண்டையைக் குழி மட்டத்துக்கு இறக்குவது. பிறகு திறந்து, குழியைச் சுத்தம் செய்து உட்காரவைப்பது. உருண்டை செத்திருந்தால் செயற்கை மூட்டு. நான் இருக்கும் சிங்கப்பூரில் எந்த ஸ்பெஷலிஸ்ட்டும் எனக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கியதில்லை.

ஆனால் அந்த வார்டு! எடை என்பது கப்பியில் தொங்கும் மணல் பை. பையன் தூக்கத்தில் கீழே சரிவான், பை தரையில் உட்கார்ந்துவிடும். அத்தோடு இழுப்பு முடிந்தது. நர்ஸைக் கூப்பிட்டால் இதோ வருகிறேன் என்பார். வார்டு நிறைய ஆள், அவர் ஒருத்தர். சிங்கப்பூரில் தலைமாட்டுப் பொத்தானை அழுத்தினால் போதும். இங்கே துணைக்கு வந்தவர்தான் ஆயாவும் மருந்துக் கடைக்கு ஓடும் ஆளும், உங்களுக்குத் தெரியாததா! நான் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "விடுண்ணே, போய்ப் படு" என்பான் அவன்.

கடைசியில் பக்கத்துக் கட்டில்காரரின் அம்மா, ஒரு பர்மியப் பாட்டி, என் கூத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியிலிருந்து செங்கல் பொறுக்கி வந்தார். கட்டிலின் கால்மாட்டில் முட்டுக் கொடுக்கச் சொன்னார். கால்மாடு உயர்ந்தது, பையன் சரியவில்லை, பை அந்தரத்தில் நின்றது. காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் செங்கலைப் பார்த்துவிட்டு, "இதை முதல் நாளே செய்திருக்கணுமே" என்று நர்ஸைக் கேட்டார். எனக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொந்த உருண்டையையே வைத்துவிட்டார்கள். ரத்த ஓட்டம் கெட்டிருந்தால் அது பின்னாலும் நொறுங்கலாம், இரண்டு வருஷமாவது அவ்வப்போது படம் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இவனோ ஊன்றுகோலோடு நின்றுகொண்டே சித்தியிடம் வண்டிச் சாவி எங்கே என்று கேட்கிறானாம்.